கூச்சம், சங்கடம், எசகேடு: எந்த இடத்தில் எந்தச் சொல்? (எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பேசுகிறவரின் பெயர்.)

1. ஒழுகினசேரி

ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மெய்ப்பு பார்க்கிறேன். எழுதியவர் நம்ம குமரி மாவட்டத்துக்காரர்தான், கதையும் இங்கேதான் நடக்கிறது. ஒன்பது பக்கக் கதையில் ‘சங்கடம்’ பதினாலு தடவை வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஆக்வேர்ட்’ என்று மனசுக்குள் ஓடும்போதெல்லாம் கை தானாகச் ‘சங்கடம்’ என்று எழுதிவிடுகிறது போல. ஒரு பேரா மட்டும் கீழே தருகிறேன். இரணியல் பக்கம் ஒரு கல்யாணப் பந்தி. எதிரே உட்கார்ந்திருப்பவர் செல்வனின் அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்.

“செல்வன் பந்தியில் மிகவும் சங்கடமாக உணர்ந்தான். எதிரில் இருந்தவர் அவனைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். இருவருக்கும் இடையே ஒரு சங்கடமான மௌனம் நிலவியது. இன்னொரு கரண்டி பிரதமன் கேட்கச் சங்கடமாக இருந்தது. இலையின் சங்கடமான மூலையில் பப்படம் கிடந்தது.”

எல்லாவற்றையும் ‘கூச்சம்’ என்று மாற்றலாமா? இல்லை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல்லா?

2. கனகமூலம்

அகராதியில் சங்கடத்துக்குத் துன்பம், வருத்தம், இக்கட்டு எல்லாம் போட்டிருக்கு. எழுதியவர் தப்பு பண்ணல. பதினாலு தடவை வருதுன்னா பாதியை வெட்டுங்க, அவ்வளவுதான்.

(அந்தப் பப்படம் மட்டும் பாவம். அதுக்கு என்ன சங்கடம்?)

3. மெய்ப்புக்கோல்

வெட்டினால் தீராது, அண்ணாச்சி. அஞ்சு வாக்கியத்திலும் அஞ்சு வேறு விஷயம் நடக்கிறது. ஒரே சொல்லால் மூடியதால்தான் படிக்கிறவருக்கு எதுவும் தெரியவில்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ‘ஆக்வேர்ட்’ என்பதில் உள்ள ‘ஆக்’ பழைய ஸ்காண்டிநேவியச் சொல். தவறான பக்கம் திரும்பியது, பின்பக்கமாக இருப்பது என்று பொருள். அதாவது அந்தச் சொல்லின் அடியில் இருப்பது திசை. அதனால்தான் அவர்கள் நடைக்கும் அதையே சொல்கிறார்கள், மௌனத்துக்கும் அதையே, பிடிக்க வசதியில்லாத பெட்டிக்கும் அதையே, வேளை கெட்ட நேரத்துக்கும் அதையே. தமிழில் இந்த நாலும் நாலு இடத்தில் கிடக்கிறது. பெட்டி ‘வாகா இல்ல’. நேரம் ‘அகாலம்’. நடை ‘கோணல்மாணல்’, இல்லையென்றால் தட்டுத்தடுமாறல். மனுஷருக்கு மனுஷர் நேரும் அந்தக் கோணலுக்குத்தான் சங்கடம், கூச்சம், சங்கோசம், வெட்கம், நாணம், எசகேடு, அசடு வழிதல் என்று ஒரு கூட்டமே இருக்கிறது.

இதில் சங்கடத்தையும் கூச்சத்தையும் பிரிக்க ஒரு வழி. சங்கடம் வடசொல். மூலத்தில் ‘குறுகிய, நெருக்கமான, ஒடுங்கிய வழி’ என்று பொருள். நம்முடைய ‘நெருக்கடி’ மாதிரி. இடம் குறுகுகிறது, ஆள் மாட்டிக்கொள்கிறான். கூச்சத்தில் இடம் அப்படியே இருக்கும், ஆள்தான் சுருங்குவான். தர்மசங்கடம் என்றால் இரண்டு கடமைகள் இரண்டு பக்கத்திலிருந்து நெருக்கும் இடுக்கு. பாயசம் இன்னொரு கரண்டி கேட்பதற்கெல்லாம் தர்மசங்கடம் என்று எழுதுவது இப்போது நோயாகவே பரவியிருக்கிறது.

இதை வைத்துப் பாருங்கள். கடன்காரர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போகவும் முடியாது என்பது சங்கடம். பிரதமன் கேட்பது கூச்சம். எதிரில் இருந்தவர் சிரித்தது இரண்டும் இல்லை. அவர் அசடு வழிகிறாரா, ஒப்புக்குச் சிரிக்கிறாரா, கடனை நினைவூட்டுகிறாரா என்று எழுதியவர் முடிவு செய்யவே இல்லை. மௌனத்தைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று, ‘சங்கடமாக உணர்ந்தான்’. தமிழில் இந்த மாதிரி உணர்ச்சி ஆளிடம் வந்து இருக்கும், ஆள் அதைச் செய்வதில்லை. ‘அவனுக்குச் சங்கடமாக இருந்தது’, ‘அவனுக்குச் சங்கடமாகப் போயிற்று’. நான்காம் வேற்றுமை வேண்டும். ‘மிகவும் பசியாக உணர்ந்தான்’ என்று எழுதிப் பாருங்கள், தானே சிரிப்பு வரும்.

4. குழித்துறைப் பாலம்

மெய்ப்புக்கோல் சொன்னது ஊர்ப்பேச்சுக்கு முழுக்கப் பொருந்தாது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ‘சங்கடம்’னா பெரும்பாலும் துக்கம்தான். மலையாளத்திலும் அப்படித்தான், சங்கடம்னா மனவருத்தம். துட்டி (சாவு) வீட்டில் “கேட்டதும் ரொம்பச் சங்கடமாட்டு இருந்து” என்று சொன்னால் அங்கே எந்த நெளிவும் இல்லை, வருத்தம் மட்டும்தான். “நீ சங்கடப்படாண்டாம் மக்கா” என்றால் அழாதே என்று அர்த்தம்.

கதை இரணியல் பக்கம் நடந்தால் இது முக்கியம். பாத்திரத்தின் வாயில் ‘சங்கடம்’ வந்தால் துக்கம், கதைசொல்லியின் எழுத்தில் வந்தால் இக்கட்டு என்று ஒரே பக்கத்தில் இரண்டு பொருள் ஓடும். மதுரைக்காரருக்கு ஒன்று புரியும், மார்த்தாண்டத்துக்காரருக்கு இன்னொன்று. ஒன்றை மாத்தியே ஆகணும். நான் சொன்னால் பேச்சில் உள்ளதைத் தொடாதீங்க, கதைசொல்லியின் சொல்லை மாத்துங்க.

5. மணக்குடி

கூச்சம்னா வெட்கம்தானே? அப்போ கண் கூசுறது எப்படி? புத்தளம் உப்பளத்துல மத்தியானம் நின்னா கண்ணைத் திறக்க முடியாது. அங்க யாரைப் பார்த்து வெட்கம்?

6. மெய்ப்புக்கோல்

மணக்குடி கேட்டது நல்ல கேள்வி. பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘கூசு’ அடிப்படையில் உடம்பின் சொல், மனசுக்கு அப்புறம்தான் வந்தது. தாங்க முடியாத ஒன்று படும்போது உடம்பு பின்வாங்குவதுதான் கூசுதல்.

உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் தெளிவாகும். உப்பு மேட்டின் வெளிச்சத்துக்குக் கண் கூசும். புளிச்சிக்காய் கடித்தால் பல் கூசும். சரளையில் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்கால் கூசும். விலாவில் விரல் வைத்தால் உடம்பு கூசும். கெட்ட வார்த்தை கேட்டால் காது கூசும். பொய் சொல்ல, வைய, கெஞ்ச நா கூசும். இதெல்லாம் மூடி இல்லாத இடங்கள் என்பதைக் கவனியுங்கள். பல்லே அதற்குச் சாட்சி. எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கும் டென்டின் வெளிப்பட்ட பல்லுக்குத்தான் குளிரும் புளிப்பும் உறைக்கும். மூடியிருக்கும் பல்லுக்கு இல்லை.

அந்த வரிசையில் கடைசியாக வருவதுதான் பார்வை. பத்துப் பேர் பார்க்கும்போது முழு ஆளும் கூசுகிறான். வெளிச்சம், புளிப்பு, விரல், பார்வை எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். ‘சங்கோசம்’ என்ற வடசொல்லுக்கும் மூலப்பொருள் சுருங்குதல்தான். அந்த வகையில் அது கூச்சத்தோடு சேரும், சங்கடத்தோடு சேராது.

எழுத்தில் இதன் பயன் என்னவென்றால், கூச்சம் என்று எழுதும்போது எது பட்டுக் கூசியது என்று காட்டவேண்டும். வெளிச்சம் இல்லாமல் கண் கூசாது. யாருடைய பார்வையும் இல்லாத அறையில் ஒருவன் ‘கூச்சமாக’ உட்கார்ந்திருந்தான் என்று எழுதினால் அந்தச் சொல் அந்தரத்தில் நிற்கும். யாரோ பார்ப்பதாக அவன் நினைக்கவாவது வேண்டும்.

இரண்டு வாக்கிய அமைப்பையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘அவனுக்குக் கூச்சமாக இருந்தது’ என்றால் உள்ளே இருந்து பார்க்கிறோம். ‘அவன் கூச்சப்பட்டான்’ என்றால் வெளியே இருந்து, மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி. கதை செல்வனின் மனசுக்குள் நடக்கிறதென்றால் முதலாவது. பரிமாறுகிறவர் கண்ணில் நடக்கிறதென்றால் இரண்டாவது. இரண்டையும் ஒரே பேராவில் கலந்தால் யார் பார்க்கிறார்கள் என்பதே குழம்பிவிடும். வெறும் ‘கூசினான்’ இப்போது செய்யுள் வாடை அடிக்கும்.

7. தேரடி

சுசீந்திரத்தில் மார்கழி பூராவும் திருவெம்பாவை காதில் விழும். அதன் இரண்டாம் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள்: “விண்ணோர்கள் ஏத்துதற்குக் கூசு மலர்ப்பாதம்”. தேவர்களே அந்தப் பாதத்தைப் புகழக் கூசுகிறார்கள். வெட்கத்தால் இல்லை, தப்புச் செய்ததாலும் இல்லை. எதிரே இருப்பது தாங்கக்கூடிய அளவைத் தாண்டியது, நம் வாய்க்கு அந்தத் தகுதி உண்டா என்ற பின்வாங்கல். மெய்ப்புக்கோல் சொன்ன கண் கூசுதலும் நா கூசுதலும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. மாணிக்கவாசகர் அதை அப்பாதத்துக்கே அடைமொழியாக வைத்திருப்பதைப் பாருங்கள், ‘கூசு மலர்ப்பாதம்’. கூசுவது தேவர்கள். ஆனால் சொல் பாதத்தோடு ஒட்டி நிற்கிறது. ‘கண்கூசும் வெளிச்சம்’ என்று நாம் சொல்வதும் இதே கட்டுமானம்தான். வெளிச்சமா கூசுகிறது?

சங்க இலக்கியத்தில் இந்த இடத்தை எல்லாம் ‘நாண்’ வைத்திருந்தது. நாணம் பெண்களுக்கு மட்டும் உரியது என்று இன்று நினைக்கிறோம். “அச்சமும் நாணும் மடனும்” என்று தொல்காப்பியம் பெண்பாலுக்கு வகுத்ததும் உண்மை. ஆனால் குறுந்தொகை 14-ஆம் பாட்டில் தொல்கபிலர் ஒரு ஆண்பிள்ளையைப் பேச வைக்கிறார். அவளை நான் அடைய வேண்டும், அடைந்தபின் இந்த ஊர் அறிய வேண்டும், தெருவில் ‘அந்த நல்லவளின் கணவன் இவன்’ என்று பலரும் சொல்ல, “யாஅம் நாணுகம் சிறிதே”. நாங்கள் கொஞ்சம் நாணுவோம்! அந்தச் ‘சிறிதே’யில்தான் எல்லாமே இருக்கிறது. அவனுக்கு அது வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் மாமியார் ஊர்த் தெருவில் நடக்கிற மாப்பிள்ளையின் கூச்சம் இது. அதற்கு இன்று யாராவது ‘சங்கடம்’ போட்டால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

அதற்கு நேர் எதிராக 149-ஆம் பாட்டு, வெள்ளிவீதியார் பாடியது. “அளிதோ தானே நாணே” என்று தொடங்கும். பாவம் இந்த நாணம், இத்தனை நாள் நம்மோடு கிடந்து உழன்றது என்கிறாள். கரும்பு வயலில் மணலால் கட்டிய சின்ன அணை, தண்ணீர் நெருக்க நெருக்கக் கரைந்து உதிர்வதுபோல, தாங்கும்வரை தாங்கிவிட்டுக் கையைவிட்டுப் போகிறது என்கிறாள். நாஞ்சில் நாட்டு வயலில் வாய்க்கால் மண்ணை வெட்டித் தண்ணி திருப்பினவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அணை ஒரே அடியில் உடைவதில்லை. ஓரம்தான் முதலில் ஊறும்.

8. கனகமூலம்

அண்ணாச்சி, பாட்டெல்லாம் அழகுதான். 2000 வருஷத்துக்கு முந்தின நாணத்தைக் கொண்டுவந்து இரணியல் பந்தியில் உட்கார வச்சா பப்படம் மாதிரி அதுவும் முழிக்கும். இன்னைக்கு ‘அவன் நாணினான்’னு எழுதினா படிக்கிறவன் சிரிப்பான்.

9. குழித்துறைப் பாலம்

எழுத்தில் சிரிப்பான், பேச்சில் சிரிக்க மாட்டான். நம்ம மேற்குப் பக்கம் நாணம் இன்னும் சாகல. “நாணமில்லியாடே உனக்கு” என்பது நல்ல காரமான வசவு. மலையாளத்தில் நாணக்கேடு என்றால் மானக்கேடு. ஆனால் அங்கேயே ‘நாணம்’ என்று தனியாகச் சொன்னால் சின்னப் பிள்ளை அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிவதும் நாணம்தான்.

இன்னொரு விஷயம். தமிழ்க் ‘கூசு’வின் உறவு மலையாளத்தில் ‘கூசல்’ என்று இருக்கிறது. பெரும்பாலும் இல்லாமையில்தான் கேட்கும். ‘கூசலில்லாதெ’ என்றால் எந்தத் தயக்கமும் இல்லாமல், துணிந்து. நாம் ‘கூசாமல் பொய் சொன்னான்’ என்கிறோமே, அதே திசை. சங்கடம் மாதிரி பொருள் மாறிப்போகாமல் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிற சொல் இது.

கேட்கத் தயங்குவதற்கு எங்க பக்கம் ‘மடி’யும் உண்டு. “கேக்க மடியாட்டு இருக்கு”. குறளில் மடி என்றால் சோம்பல், மடியின்மை என்று அதிகாரமே இருக்கிறது. இங்கே சோம்பலும் தயக்கமும் ஒரே சொல்லில் கிடக்கும். பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளியூர் வாசகருக்குச் சோம்பேறி என்று மட்டும் படும். எச்சரிக்கை.

10. மெய்ப்புக்கோல்

கனகமூலம் சொன்னதில் பாதி சரி. நாணத்தை வினையாகப் போட்டால் இன்றைய உரைநடையில் உறுத்தும். ஆனால் எந்தச் சொல் எதைச் சுமக்கும் என்பதற்குப் பழையதைத் தெரிந்துதான் ஆகவேண்டும்.

குறள் 1011-ஐப் பாருங்கள். “கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல் நல்லவர் நாணுப் பிற”. செய்த காரியத்துக்காக நாணுவது ஒன்று, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரிக்கிறார். பரிமேலழகர் பின்னதை மனம், மொழி, மெய் ஆகியவற்றின் ஒடுக்கம் என்று விளக்குகிறார். ஒடுக்கம்! அதைத்தான் நாம் இன்று கூச்சம் என்கிறோம். முன்னது இன்று வெட்கம், வெட்கக்கேடு என்று ஆகிவிட்டது. வள்ளுவர் ஒரே சொல்லுக்குள் பிரித்த இரண்டுக்கும் இப்போது தனித்தனிச் சொல் இருக்கிறது. இருந்தும் நாம் இரண்டையும் சங்கடத்தில் கொட்டுகிறோம்.

இதற்குப் பேச்சே சாட்சி. வெட்கக்கேடு உண்டு, மானக்கேடு உண்டு, நாணக்கேடு உண்டு. ‘கூச்சக்கேடு’ கிடையாது. காரணம், கூச்சம் இழந்தால் கெட்டுப்போகிற சொத்து இல்லை. கூச்சம் ‘விட்டுப்போகும்’, ‘தெளியும்’. புதுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கூச்சம் தெளிந்தது என்றால் நல்ல செய்தி. வெட்கம் விட்டுப்போனது என்றால் கெட்ட செய்தி. வினையை மாற்றிப் போட்டால் பொருள் தலைகீழாகும். சங்கடம் ‘தீரும்’. அசடு ‘வழியும்’. வழிவது எண்ணெய், வியர்வை மாதிரி நீர்ப்பொருள். அதனால் அதை முகத்தில் மட்டும்தான் காட்ட முடியும். ‘மனசுக்குள் அசடு வழிந்தான்’ என்று ஒரு கையெழுத்துப் படியில் பார்த்தேன். மனசுக்கு ஏது கன்னம்?

‘கூச்சநாச்சம்’ இன்னும் வேடிக்கை. நாச்சத்துக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அதோடு அது உடன்பாட்டில் வரவே வராது. ‘கூச்சநாச்சமில்லாமல் கேட்டான்’ என்போம். ‘கூச்சநாச்சமாக இருந்தது’ என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான்.

11. மணக்குடி

கூச்சலுக்கும் கூச்சத்துக்கும் சொந்தம் உண்டா?

12. மெய்ப்புக்கோல்

இல்லை. கூச்சல் கூவு, கூப்பாடு பக்கத்துச் சொல். கூச்சம் கூசுவில் பிறந்தது, பேசு பேச்சு ஆவதும் ஏசு ஏச்சு ஆவதும் போல. மயிர்க்கூச்செறிதலையும் இதோடு சேர்க்காதீங்க. அது வியப்புக்கும் பயத்துக்கும் பக்திக்கும் வரும். பந்தியில் பாயசம் கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியாது.

இதே மாதிரி இன்னொரு பொறி வெள்குதலும் வெஃகுதலும். வெட்கம் வெள்குதலிலிருந்து வந்தது. வெஃகுதல் பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது. ‘வெஃகாமை’ அதிகாரத்தை வெட்கப்படாமை என்று படித்துவிடாதீங்க.

13. ஒழுகினசேரி

‘சங்கோஜம்’ என்றும் நாலு இடத்தில் வருகிறது. ஜ-வா ச-வா? ‘எசகேடு’ அச்சில் போடலாமா, இல்லை பேச்சோடு நிறுத்தணுமா?

14. தேரடி

ச-தான். வடமொழி மூலத்திலேயே அங்கே ‘ச’தான் இருக்கிறது. பிரயோஜனத்துக்கு மூலத்திலேயே ஜ உண்டு, அதைப் பார்த்து இதற்கும் ஒரு ஜ ஒட்டிக்கொண்டது. சங்கோஜம் அச்சில் நிறையப் புழங்குகிறது, பாத்திரம் பேசினால் விட்டுவிடுங்கள். கதைசொல்லி எழுதினால் சங்கோசம். என்னைக் கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டுக் கூச்சம் என்றே போடலாம். அர்த்தம் ஒன்றுதான், உடம்பு மட்டும் கூடுதலாகக் கிடைக்கும்.

எசகேடு தாராளமாக அச்சேறலாம். ‘இசைகேடு’தான் அப்படி ஆயிற்று. இசைவு என்றால் பொருந்துதல். பொருந்தாமல் போன நிலை இசைகேடு. ஆங்கிலச் சொல்லின் ‘தவறான பக்கம் திரும்பியது’ என்ற பொருளுக்குத் தமிழில் மிகக் கிட்டத்தில் நிற்பது இதுதான். “எசகேடா மாட்டிக்கிட்டான்” என்றால் இடமும் தப்பு, நேரமும் தப்பு, கூட நிற்கிற ஆளும் தப்பு. ஆள் கூசினானா என்பது அதில் வராது. ரொம்பத் தடித்த தோல்காரனும் எசகேடாக மாட்டலாம்.

நாணத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. குறள் 1020: “நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று”. நாண் என்றால் நாணமும் ஆகும், கயிறும் ஆகும். உள்ளே நாண் இல்லாதவன் நடமாட்டம், கயிற்றால் ஆட்டும் மரப்பொம்மை உயிருள்ளதுபோல் மயக்குவதற்குச் சமம். நம்ம மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்கள் இதைத் தோல்பாவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தோல்பாவை திரைக்குப் பின்னால் குச்சியில் ஆடுவது, நிழல்தான் தெரியும். வள்ளுவர் சொல்வது கயிற்றில் ஆடும் மரப்பாவை, கண்ணுக்கு நேரே ஆடுவது. நிழலாக இருந்தால் ‘உயிர் மருட்டுதல்’ இவ்வளவு உறைக்காது.

15. கனகமூலம்

அப்படியே பாரதியையும் சேர்த்துக்கோங்க. “நாணும் அச்சமும் நாய்கட்கு வேண்டுமாம்”னு புதுமைப்பெண்ணில் போட்டார். தொல்காப்பியம் வகுத்த ரெண்டையும் அப்படியே எடுத்து நாய்க்குக் கொடுத்துட்டார். அந்த வரிக்கு அப்புறமும் கதாநாயகியை ‘நாணத்தால் தலைகுனிந்தாள்’னு எழுதுறவங்களைப் பார்த்தால் எனக்குத்தான் கூசுது.

16. மெய்ப்புக்கோல்

சரியான இடத்தில் சரியான ‘கூசுது’. ஒத்துக்கிட்டீங்க, அண்ணாச்சி!

இப்போது மௌனத்துக்கு வருவோம். ‘சங்கடமான மௌனம் நிலவியது’ தமிழில் செத்த வாக்கியம். மௌனத்துக்கு ஒரு பெயரடை, அப்புறம் ஒரு ‘நிலவியது’. நிலவுவது அமைதி, குளிர், வதந்தி. பந்தியில் மௌனமே கிடையாது, கரண்டி வாளியில் படும் சத்தமும் ‘சாம்பார், சாம்பார்’ என்ற குரலும் இருக்கும். பேசாதது இரண்டு பேர் மட்டும்தான். அதைக் காட்ட அந்த இரண்டு பேரின் கை என்ன செய்கிறது என்று எழுதினால் போதும்.

வள்ளுவர் 1094-இல் இதைச் செய்து காட்டியிருக்கிறார். “யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்”. நாணம் என்ற சொல்லே அந்தக் குறளில் கிடையாது. நான் பார்த்தால் தரையைப் பார்க்கிறாள். பார்க்காவிட்டால் என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். நாலு அசைவு, உணர்ச்சியின் பெயர் ஒன்றுகூட இல்லை.

அதனால் திருத்தும்போது நான் செய்வது இது. உணர்ச்சிப் பெயரை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் படிப்பேன். அசைவு மட்டும் வைத்தே புரிந்தால் அப்படியே விடுவேன். புரியாத இடத்தில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் சொல்லைத் திரும்ப வைப்பேன். அதுவும் உறுப்போடு சேர்த்து. அசைவிலும் தேய்ந்துபோனவை உண்டு. கால் கட்டைவிரலால் தரையில் கோடு கிழிப்பது, முந்தானை நுனியைத் திருகுவது, தலையைச் சொறிவது. இவை சினிமாவில் தீர்ந்துவிட்டன. அந்த இடத்தில் கைக்கு எட்டும் பொருள் எது என்று பாருங்கள். பந்தியில் இலை இருக்கிறது, பப்படம் இருக்கிறது, தண்ணி டம்ளர் இருக்கிறது.

உவமை வைப்பதாக இருந்தால் அளவு பார்க்கணும். கூச்சத்துக்குத் தொட்டாவாடி பொருந்தும். தொட்டதும் இலைக்காம்பின் அடியில் உள்ள முடிச்சிலிருந்து நீர் விலக இலை மடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி விரியும். கூச்சமும் அப்படித்தான் போய் வரும். அதே கதையின் கடைசியில் செல்வனின் அப்பா ஊர் நடுவில் அவமானப்படும் இடத்துக்கும் தொட்டாவாடியைப் போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்தில் நிமிர்கிற செடி அதைத் தாங்காது. அங்கே கூனிக்குறுகினார், முகம் சுண்டிப்போயிற்று, இப்படி ஏதாவது.

17. ஒழுகினசேரி

போட்டிருக்கிறார்! தொட்டாவாடியேதான். எடுக்கச் சொல்கிறேன்.

18. குழித்துறைப் பாலம்

பந்தி வரிசையையும் சரிபாருங்க. பருப்பு, நெய், பப்படம் முதல்ல. சாம்பார், புளிசேரி எல்லாம் முடிஞ்சுதான் பிரதமன். கடன்காரர் சிரிப்பது பருப்பு நேரத்திலா பிரதமன் நேரத்திலா என்பதை வைத்து செல்வன் எவ்வளவு நேரம் நெளிந்தான் என்று வாசகனுக்குத் தெரியும். மணிக்கணக்கு எழுத வேண்டாம்.

19. ஒழுகினசேரி

எழுதியவரிடம் பேசினேன், நீங்கள் சொன்னது எல்லாம் சொன்னேன். அவர் மாற்றி அனுப்பியது:

“எதிர்வரிசையில் அப்பாவுக்குக் கடன் தந்தவர். செல்வன் அதைக் கவனித்தபோது இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்தாயிற்று. பருப்பின்மேல் நெய்யும் விழுந்தாயிற்று. அவர் சிரித்தார். இவனும் பல்லைக் காட்டினான். பப்படத்தை நொறுக்கினான். நொறுக்கியதை மறுபடியும் நொறுக்கினான். சாம்பார் வந்தது, புளிசேரி வந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பிரதமன் வாளி இவன் இலைக்கு நேரே வந்து நின்றது. இன்னொரு கரண்டி என்று சொல்ல நாக் கூசியது. வாளி நகர்ந்தது.”

‘சங்கடம்’ பூஜ்யம். எப்படி?

20. தேரடி

‘அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது’ நல்ல வரி. அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை என்பது தெரிகிறது.

21. கனகமூலம்

பப்படத்துக்கு விமோசனம். ஆனா அந்த ‘நாக் கூசியது’ கண்ணை உறுத்துது. க் வேணுமா?

22. மெய்ப்புக்கோல்

வேண்டாம். நா எழுவாய், கூசியது பயனிலை. தீ பிடித்தது, பூ பூத்தது மாதிரி அங்கே ஒற்று மிகாது. ‘நா கூசியது’.

ஆனால் அதையும் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். நா கூசுவது பொய்க்கும் வசவுக்கும் கெஞ்சலுக்கும். கடன் கேட்கப் போன அப்பாவுக்கு அது பொருந்தும். அந்த இடம் கதையில் பின்னால் வருகிறது என்றால் அங்கே சேமித்து வைக்கச் சொல்லுங்கள். பிரதமனுக்கு ‘வாய் வரவில்லை’ போதும்.